மூன்று சாரி சொன்ன கரடி

நல்ல மழை. பஸ் நிறுத்தத்தின் தகரக் கூரைமேல் சடசடவென்று கொட்டிக்கொண்டிருந்தது. அங்கே அவள் ஒருத்திதான் நின்றாள்... அதுவும் கையை வெளியே நீட்டி, கையில் போனைப் பிடித்துக்கொண்டு, மூச்சைக்கூடச் சத்தமாக விடாமல்!

கிறுக்குப் பிடித்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் டீச்சர். மூன்றாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறவள். நாளைப் பாடத்தில் ஒரு கரடி மழையில் நனையப்போகிறது. அதற்கு மழைச் சத்தம் வேண்டும். இன்டர்நெட்டில் தேடினால் மழை கிடைக்காதா என்ன? கிடைக்கும். ஆனால் அம்மணிக்குத் தானே பிடித்த மழைதான் வேண்டும். அப்படி ஒரு பிடிவாதம்.

இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம் ஓடினால் போதும்...

டமால்!

நிறுத்தத்துக்குள் ஒரு நாற்காலி ஓடி வந்தது. ஆமாம், நாற்காலிதான். கால்கள் நான்கும் மேலே தூக்கியபடி வந்து கூரையில் இடித்து நின்றது. அதன் அடியில் ஒருவன், நாற்காலியையே குடையாகக் கவிழ்த்துக்கொண்டு, சொட்டச் சொட்ட...

"ஹா... ஹா... ஹாஆஆஆச்ச்!"

அப்படி ஒரு தும்மலை அவள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. கூரையே அதிர்ந்தது.

"சாரி! சாரி! சாரி!"

அவள் திரும்பினாள். கண்ணில் பொறி பறந்தது. "கெடுத்துட்டீங்களே!"

"எதைங்க?"

"மழையை!"

அவன் தலையை வெளியே நீட்டி வானத்தைப் பார்த்தான். "அது பாட்டுக்கு நல்லாத்தானே பெய்யுது?"

சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "ரெக்கார்ட் பண்ணிட்டிருந்தேன். நடுவுல வந்து தும்மிட்டீங்க" என்றாள்.

"அதுக்குத்தான் மூணு சாரி சொன்னேனே! இடிச்சதுக்கு ஒண்ணு, தும்முனதுக்கு ஒண்ணு..."

"மூணாவது?"

"அது... எனக்கு எப்பவும் மூணுதான் வரும்ங்க. பழக்கம்."

"சரி, ஏன் இப்படிக் கத்துறீங்க? பக்கத்துலதானே நிக்கிறேன்?"

"கத்துறேனா?" அவன் பதறிப்போய்க் குரலை இறக்கினான். "மர வேலைப் பட்டறை வச்சிருக்கேங்க. நாள் பூரா மரம் அறுக்கிற மெஷினோட போட்டி போட்டுப் பேசிப் பேசி... இதான் என் ரகசியக் குரல்."

இப்போது அவளால் விழுங்க முடியவில்லை. சிரித்துவிட்டாள். அவன் அந்தச் சிரிப்பைப் பார்த்தான். இமையில் மழைத்துளி தொங்கியும் துடைக்கத் தோன்றாமல் பார்த்தான். பிறகு நாற்காலியை இறக்கி, சட்டையின் உலர்ந்த ஓரத்தைத் தேடித் துடைத்து, அவள் பக்கத்தில் போட்டான்.

"உக்காருங்க. புதுசு. இன்னும் யாருமே உக்காரலை."

பஸ் நிறுத்தத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மழை பார்த்த பெண் இந்த உலகத்தில் வேறு யாராவது உண்டா? அவள் உட்கார்ந்தாள். அவனும் பக்கத்தில் நின்று மழை பார்த்தான். பஸ் வந்தபோது, ஏன்தான் இவ்வளவு சீக்கிரம் வந்ததோ என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பேரைக் கேட்கவில்லை... ஊரைக் கேட்கவில்லை... ஜன்னல் வழியே பார்த்தபோது நாற்காலி மறுபடியும் அவன் தலையில் ஏறியிருந்தது.

வீட்டுக்கு வந்து போனைப் போட்டுக் கேட்டாள். மழை... மழை... டமால்... ஹாஆஆஆச்ச்! சாரி, சாரி, சாரி!

வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் தலையில் ஒன்று பளிச்சென்றது. இது கரடி! அசல் கரடி!

ஏன் கரடிக்கு இந்தப் பாடு என்பதைச் சொல்லியாக வேண்டும். அவள் வகுப்பில் ஒரு பழைய ப்ரொஜெக்டர் உண்டு. ஒரு வெள்ளைச் சுவர் உண்டு. அவள் போனை ஒரு ஒயரால் இணைத்தால் போனில் தெரிவதெல்லாம் சுவரில் தெரியும். அவ்வளவுதான் அவளுடைய ஆயுதம். பிள்ளைகள் வரைந்த கரடிப் படம் இரண்டு: ஒன்றில் வாய் மூடியிருக்கும், இன்னொன்றில் திறந்திருக்கும். போட்டோ எடுத்து மாற்றி மாற்றித் தட்டினால் கரடி பேசும். குரல் இத்தனை நாளும் அவளுடையது. "டீச்சர், இது நீங்கதான்!" என்று பிள்ளைகள் முதல் நாளே கண்டுபிடித்து மானத்தை வாங்கிவிட்டார்கள்.

வகுப்பில் ஒரு சட்டமும் உண்டு. சுவரில் எது வந்தாலும் எல்லாரும் சேர்ந்து சத்தமாகப் படிக்க வேண்டும். ஒருமுறை போன் பாதியில் கெஞ்சியபோது, "லோ பேட்டரி!" என்று வகுப்பே கூவியது. அடுத்த அறை டீச்சர் ஓடி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

இதெல்லாம் பெரிய மேடத்துக்கு, அதாவது தலைமையாசிரியைக்கு, அறவே பிடிக்கவில்லை.

"போன்ல பொம்மை காட்டுறது பாடம் ஆகாது டீச்சர். சனிக்கிழமை பெத்தவங்க எல்லாரும் வர்றாங்க. அவங்க முன்னாடி ஒவ்வொரு பிள்ளையும் இங்கிலீஷ்ல வாயைத் திறக்கணும். ஒரு பிள்ளை முழிச்சுக்கிட்டு நின்னாலும் ப்ரொஜெக்டர் அலமாரிக்குள்ள போயிடும். சாவி என்கிட்ட இருக்கும்."

ஒவ்வொரு பிள்ளையும்! அங்கேதான் அவள் மாட்டிக்கொண்டாள். ஏனென்றால் சிட்டு இருக்கிறாளே... கடைசி பெஞ்சில் ஒரு பொடிசு. எல்லாருக்கும் அவள் சிட்டுதான். தமிழ் பேசினாலே பாதி காற்றுதான் வரும். இங்கிலீஷ் என்றால் உதட்டை உள்ளே மடித்துப் பூட்டிக்கொள்வாள்.

மறுநாள் சுவரில் மழை பெய்தது. கரடி நனைந்தது. வாய் திறந்தது.

"ஹாஆஆஆச்ச்! சாரி! சாரி! சாரி!"

வகுப்பு உருண்டு புரண்டது. அந்த அமளியில்தான் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"எங்க மாமா! டீச்சர், அது எங்க மாமா!"

டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. சிட்டுவா? சிட்டுவா இப்படிக் கத்துகிறாள்? அவள் பெஞ்சைத் தாண்டி ஓடி வந்து, சுவரில் இருந்த கரடியின் மூக்குக்கு நேரே நின்று, பல நாளாக மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருந்த கேள்வியைக் கேட்டாள்.

"டு யூ லைக் ரெயின்?"

பதில் சொல்லக் கரடியிடம் குரல் இல்லை. டீச்சரோ சிட்டுவையே பார்த்துக்கொண்டு நின்றாள். நல்லவேளை, பிள்ளைகள் பேசுவதை அவர்களுக்கே போட்டுக் காட்ட அவள் தினமும் பதிவு செய்வாள். சிட்டுவின் கேள்வி போனில் பத்திரமாக விழுந்திருந்தது.

மதியமே பாடத்தைப் பெற்றோர் குரூப்பில் போட்டுவிட்டாள். வீட்டிலும் கேட்கட்டுமே என்று. சாயந்திரம் பள்ளி கேட்டருகே வந்தால்... அவன்!

நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. அவன் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது.

"நீங்கதானா?" என்றான். "மழையைப் பிடிக்கிறேன்னு சொல்லிட்டு என்னைப் பிடிச்சுட்டுப் போயிட்டீங்களே! எங்க அக்கா, அதான் சிட்டுவோட அம்மா, போன்ல போட்டுக் காட்டுது. பட்டறையில அத்தனை பேரும் சிரிக்கிறான். என் பேரே இப்ப கரடி."

"ஒரு தும்மல்தானே சார்? அதுக்கெல்லாமா சண்டைக்கு வருவாங்க?"

வாய் முந்திவிட்டது. அடக்கியிருக்கலாம்.

"தும்மல் போகட்டும்..." அவன் குரல் நிஜமாகவே இறங்கியது. "சின்ன வயசுல வகுப்புல எழுந்து நின்னு ஒரே ஒரு வாக்கியம் இங்கிலீஷ்ல சொன்னேன். தப்பு. டீச்சரே சிரிச்சாங்க. அன்னிக்கு மூடுன வாய். சாரியைத் தவிர வேற ஒரு வார்த்தை இங்கிலீஷ் வர்றதில்லை. அந்த சாரியையும் சுவத்துல போட்டுச் சிரிக்க வச்சுட்டீங்க. ஒரு வார்த்தை... கேட்டிருக்கலாமே டீச்சர்."

அவளுக்குச் சுருக்கென்றது. மன்னிச்சுடுங்க என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் கேட்டருகே நாலு அம்மாக்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள்... பாழாய்ப்போன வீம்பு!

"அழிச்சுடறேன்" என்றாள் விறைப்பாக.

"நல்லது" என்றான் அவனும் விறைப்பாக. போய்விட்டான்.

அழித்துவிட்டாள். மறுநாள் கரடி தும்மவில்லை. சிட்டு உதட்டை மறுபடியும் பூட்டிக்கொண்டாள். "மாமா கோவமா இருக்காரு" என்று மட்டும் காற்றாகச் சொன்னாள்.

ராத்திரி டீச்சர் தன் அக்காவிடம் போனில் எல்லாவற்றையும் கொட்டினாள். வேறு வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாலும் தங்கையின் மூச்சை வைத்தே காய்ச்சலா காதலா என்று சொல்லிவிடக்கூடியவள் அக்கா.

"ப்ரொஜெக்டர் போயிடுமேன்னு கவலையா? இல்ல, அந்தக் கரடி கோவிச்சுக்கிச்சேன்னு கவலையா?"

"...ரெண்டும்தான்."

"எதுடி ஜாஸ்தி?"

டக்கென்று போனை வைத்துவிட்டாள். அக்காவுக்கு அது போதாதா!

அடுத்த நாள் சாயந்திரம் சிட்டுவிடம் வழி கேட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனாள். மரத்தூள் வாசனை. பாதி முடிந்த நாற்காலிகள். நடுவில் காதைக் கிழிக்கும் மெஷின். அதற்குப் பின்னால் அவன்.

"சாரி!" என்று கத்தினாள். மெஷின் விழுங்கிவிட்டது.

"சாரிங்க!" என்று இன்னும் உரக்கக் கத்தினாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

"சாரீஈஈஈ!"

அந்த நேரம் பார்த்து அவன் மெஷினை நிறுத்தித் தொலைத்தான். கடைசி சாரி பட்டறை முழுக்க எதிரொலித்தது. வேலைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகம் சிவந்துபோயிற்று.

"மூணாச்சு" என்றான் அவன்.

"மெஷின் சத்தத்துல எப்படிக் கேட்டுச்சு?"

"கேக்கலை. உதட்டைப் பார்த்தேன்."

இப்படியா ஒரு பெண்ணிடம் பட்டென்று சொல்வார்கள்? அவள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் போனைப் பார்த்தாள். "இதை மட்டும் கேளுங்க. கேட்டுட்டு, போன்னு சொன்னா போயிடறேன்."

டு யூ லைக் ரெயின்?

அவன் பக்கத்தில் இருந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தான். அதற்கு இன்னும் முதுகு பொருத்தவில்லை. "இது... எங்க சிட்டுவா?"

"உங்களைத்தான் கேட்டா. பதில் வரலை. அதனால மறுபடி வாயை மூடிக்கிட்டா. சனிக்கிழமை அவ பேசணும்ங்க. இல்லேன்னா ப்ரொஜெக்டரும் போச்சு, கரடியும் போச்சு. போகட்டும்... அவ வாய் மூடிடக்கூடாது. உங்களுக்கு ஆன மாதிரி."

அவன் உள்ளங்கையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டினான். "எனக்கு வராது டீச்சர். தப்பாயிடும்."

"தப்பானா அழிச்சுட்டு மறுபடி எடுக்கலாம். அதுக்குத்தானே இது இருக்கு! உங்களுக்கு மட்டும் அன்னிக்கு இப்படி ஒண்ணு இருந்திருந்தா..."

"நீங்க சிரிப்பீங்க."

"சிரிச்சா மெஷினைப் போட்டு என் சத்தத்தை அமுக்கிடுங்க."

அவன் உதட்டோரம் ஆடியது. அவள் போனை நீட்டி, கேட்டாள். இந்த முறை கேட்டாள். "ரெக்கார்ட் பண்ணட்டுமா?"

அவன் தலையாட்டினான்.

சும்மா சொல்லக்கூடாது, கரடி பாடாய்ப் படுத்தியது. "நோ, ஐ டோன்ட்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் சுத்தியல் விழுந்தது. "எஸ், ஐ டூ" சரியாக வந்தபோது தும்மல் வந்தது. அழித்தார்கள், எடுத்தார்கள், மறுபடி அழித்தார்கள். அவள் சிரித்தாள். அவன் மெஷினைப் போடவே இல்லை. தினமும் சாயந்திரம் இதே வேலை. முழு வாக்கியம் ஒன்று தடுக்காமல் வந்த அன்று, அவன் தன் குரலையே போட்டுப் போட்டுக் கேட்டான். சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது அவன் முகம். பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு உள்ளே ஏதோ கரைந்தது... ஐயோ, எனக்கு இவரைப் பிடித்திருக்கிறதே! ரொம்பப் பிடித்திருக்கிறதே!

வெள்ளிக்கிழமை, கடைசி வாக்கியமும் முடிந்தது.

"கரடிக்கு வேற என்னெல்லாம் பிடிக்கும் டீச்சர்?"

"அதைக் கரடிதான் சொல்லணும்."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு தன் காய்த்துப்போன கையைப் பார்த்தான். "நான் பட்டறைக்காரன்... நீங்க டீச்சர்..."

"அதனால?"

மெஷினைப் போட்டுவிட்டான், படுபாவி! அந்த இரைச்சலில் அவன் உதடு என்னவோ சொல்லியது. நிச்சயம் சொல்லியது. அவளுக்கோ உதட்டைப் படிக்கத் தெரியாது.

"நாளைக்கு வருவீங்களா?" என்று கத்தினாள். "வந்தா மெசேஜ் போடுங்க!"

சனிக்கிழமை. வகுப்பு நிறைந்து வழிந்தது. பெற்றோர் சுவரோரமாக நெருக்கியடித்து நின்றார்கள். பெரிய மேடம் முன் வரிசையில், கைப்பையில் அலமாரிச் சாவியோடு. வெளியே மழை தூற ஆரம்பித்தது. அவனைக் காணோம்.

எப்போதும் ப்ரொஜெக்டரில் மாட்டுவதற்கு முன் போனில் நெட்டை அணைத்துவிடுவாள். அன்றைக்கு மட்டும் அணைக்கவில்லை. அவன் மெசேஜ் வந்துவிட்டால்?

கரடி வாய் திறந்தது. "ஹலோ, சில்ட்ரன்!" அறையே அதிர்ந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். டு யூ லைக் ஹனி? எஸ், ஐ டூ. டு யூ லைக் ஹோம்வொர்க்? நோ, ஐ டோன்ட்! பெற்றோர் கைதட்டினார்கள். பெரிய மேடத்தின் முகம்கூடக் கொஞ்சம் இளகியது. கடைசியில் சிட்டு எழுந்தாள். சுவரைப் பார்த்தாள். மூச்சை இழுத்தாள்.

டிங்!

கரடியின் தலைக்கு மேலே ஒரு வெள்ளைப் பட்டை இறங்கியது. அதில் பெரிய பெரிய எழுத்து, அனுப்பியவர் பேரோடு.

சட்டம் சட்டம்தானே? சுவரில் எது வந்தாலும் படிக்க வேண்டும். மூன்றாம் வகுப்பு மொத்தமும் ஒரே குரலில், ராகம் போட்டுப் படித்தது:

"அக்கா! என்னடி, உன் கரடி வந்தாச்சா? பிடிச்சிருக்குன்னு இன்னிக்காவது அவர்கிட்ட வாயைத் திறந்து சொல்லு!"

டீச்சர் ஒயரைப் பிடுங்கினாள். என்ன பயன்? சுவர்தான் காலியானது. அடுத்த கணம் பெற்றோர் பக்கம் குபீரென்று சிரிப்பு வெடித்தது. பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது அவளுக்கு.

பெரிய மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "யார் டீச்சர் அந்தக் கரடி?"

"ஹா... ஹா... ஹாஆஆஆச்ச்!"

வாசலிலிருந்துதான் வந்தது.

"சாரி! சாரி! சாரி!"

மொத்தக் கூட்டமும் திரும்பியது. சொட்டச் சொட்ட நனைந்து, தலையில் நாற்காலியோடு நின்றான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ! எல்லாவற்றையும் கேட்டுவிட்டான் என்பது அவன் காதின் சிவப்பிலேயே தெரிந்தது. "பேர்! பேர்!" என்று கரடியை இங்கிலீஷில் கூப்பிட்டுப் பிள்ளைகள் குதித்தார்கள். அத்தனை பேரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். ஓடிவிடுவான்... இதோ ஓடிவிடப்போகிறான் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"டு யூ லைக் டீச்சர்?"

காற்றுக் குரல் இல்லை. கணீரென்ற குரல். சிட்டு இடுப்பில் கை வைத்து மாமாவுக்கு எதிரே நின்றாள். இதுவரை யாரும் சொல்லித்தராத கேள்வி, அவளே கோத்தது.

அவன் நாற்காலியை இறக்கினான். அவனுடைய அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அழிக்க முடியாது, மறுபடி எடுக்க முடியாது. சிறு வயதில் எழுந்து நின்ற அதே மாதிரி வகுப்பு, அதே மாதிரி சிரிப்பு. அவன் தொண்டையைச் செருமினான்.

"எஸ்" என்றான். நிறுத்தினான். அவளைப் பார்த்தான். "ஐ டூ."

தப்பே இல்லை. ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை!

சிட்டு விடுவாளா? இந்தப் பக்கம் திரும்பினாள். "டீச்சர், டு யூ லைக் பேர்?"

டீச்சர் தலையை மட்டும் ஆட்டினாள். "முழுசா சொல்லணும் டீச்சர்!" என்று வகுப்பே கத்தியது. அவள் சொல்லிக்கொடுத்த பாடம்தான், யாரை நோவது?

"எஸ்..." கண்ணில் நீர் முட்டியது, சிரிப்பும் முட்டியது. "ஐ டூ."

கைதட்டல் அடங்கியதும் பெரிய மேடம் எழுந்தார். கைப்பையைத் தோளில் மாட்டினார். சாவியை எடுக்கவில்லை. "ஒவ்வொரு பிள்ளையும் பேசிடுச்சு. பெரியவங்க ரெண்டு பேரும் சேர்த்து. ப்ரொஜெக்டர் இங்கயே இருக்கட்டும். ஆனா அந்தப் போனை முதல்ல அணைங்க டீச்சர்!"

எல்லாரும் போன பிறகும் மழை விடவில்லை. பள்ளி வாசலில் இரண்டு பேரும் ஒரே நாற்காலிக்கு அடியில் நின்றார்கள். அவன் நாற்காலியை அவள் பக்கமாகவே சாய்த்துப் பிடித்திருந்தான். தன் தோள் முழுக்க நனைந்தது அவனுக்குத் தெரியவே இல்லை.

"எதுக்கு நாற்காலி?"

"உங்க வகுப்புக்கு. அன்னிக்கு பஸ் ஸ்டாப்ல உக்காந்தீங்களே, அதேதான். வித்துட்டு வரத்தான் கிளம்புனேன். அப்புறம்... விக்க மனசு வரலை."

அவள் நாற்காலியின் காலைத் தடவிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "நேத்து மெஷின் சத்தத்துல என்ன சொன்னீங்க?"

"அது... மெஷின் இல்லாம வராது."

"மழை இருக்கே."

அவன் அவள் காதருகே குனிந்தான். ரகசியக் குரல் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்த குரலில், தெரு முனை வரை கேட்கும்படி சொன்னான்.

"என்னைக் கட்டிக்கிறீங்களா டீச்சர்?"

தெருவில் போன குடை ஒன்று நின்று திரும்பிப் பார்த்தது. அவள் கையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே பையிலிருந்து போனை எடுத்து மழைக்கும் அவனுக்கும் நடுவில் நீட்டினாள்.

"ரெக்கார்ட் பண்ணட்டுமா?"

"எதுக்குங்க?"

"அக்காவுக்கு அனுப்பத்தான். இன்னொரு தடவை சொல்லுங்க... தும்மாம சொல்லணும்!"

அவன் சொன்னான். அவள் பதிலும் அதிலேயே பதிவானது. அதை இன்றுவரை அழிக்கவில்லை.